பதினாலு படி ஏறினால் பர்கர்

சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்து நொந்தவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்: அடுப்புச் சூடு ஒரு கிழமையில் பழகிவிடும், "இதுக்குக் குழம்பு இல்லையா?" என்ற கேள்வி மட்டும் ஆயுசுக்கும் பழகாது.

நான் கொழும்பில் ஒரு பர்கர் கடையில் நாலு வருசம் இறைச்சி சுட்டவன். இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, அந்தக் காலம். என் மனைவி ஸ்டெல்லாவும் மூன்று வயது மகளும் மலைநாட்டில் றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் இருந்தார்கள். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை லீவில் போவேன். பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, ஒரு மாமா வந்திருக்காரு!" என்று கத்தும். லயமே சிரிக்கும், நானும் சிரிப்பேன். திரும்ப ரயில் ஏறினதும் அழுவேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அதனால் எங்கள் முதலாளி டெரன்ஸ், "ஹட்டன்ல ஒரு கடை போடப்போறேன், யாரு போறது?" என்று கேட்டபோது, அவர் வாய் மூடுவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். றொசல்லயிலிருந்து ஹட்டனுக்குத் தினமும் வீட்டிலிருந்தே போய் வரலாம். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ரெண்டு மாசம் பாப்பேன். ஓடினா நீ அங்க. ஓடலன்னா பூட்டிட்டு, நீ திரும்ப இங்க."

திறப்பு விழா

டெரன்ஸ் முதலாளிக்கு இறைச்சி விஷயத்தில் பைத்தியம். நல்ல மாட்டிறைச்சி, அன்றைக்கு வெட்டினது, கையால் அரைத்தது, உப்பு, மிளகு, அவ்வளவுதான். ஐஸில் வைத்த இறைச்சி கடை வாசலைத் தாண்டக் கூடாது. இவ்வளவு விவரமான மனுசன், போன வருசம் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்குகிற நாளில் ஹட்டன் பக்கம் வந்திருக்கிறார். ஸ்டேஷன் ரோட்டில் எள்ளுப் போட்டால் விழாத கூட்டம். "அடேயப்பா, இவ்வளவு சனமா!" என்று அப்போதே முடிவெடுத்துவிட்டார், அடுத்த சீசன் தொடங்குகிற அன்றைக்கே கடை திறப்பு என்று.

சீசன் தொடங்குவது போயா தினத்தில், பௌர்ணமியில். போயாவுக்கு நாட்டில் எந்த இறைச்சிக் கடையும் திறக்காது. இது எங்கள் தோட்டத்துக் கோழிக்குக்கூடத் தெரியும். டெரன்ஸ் முதலாளிக்குத் தெரியவில்லை, கூட வேலை பார்த்த எனக்கும் ஊருக்குப் போகிற சந்தோசத்தில் மண்டையில் ஏறவில்லை. பலூன் கட்டியாச்சு, பாட்டுப் போட்டாச்சு, காலையில் இறைச்சி வாங்கப் போனால் ஊர் முழுக்கப் பூட்டு. கடைசியில் பர்கர் பண்களை நடுவில் வெட்டி, வெங்காயம், தக்காளி, சோஸ் வைத்துக் கொடுத்தோம். முதல் வாடிக்கையாளர், கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர், பண்ணைத் திறந்து பார்த்தார், மூடினார், திரும்பத் திறந்தார்.

"போர்டுல கறி பண்ணுன்னு எழுதியிருக்கீங்க, பண்ணு வந்துருச்சு. கறி எந்த பஸ்ல வருது தம்பி?"

யாருக்குக் காய்ச்சல்?

கறி மறுநாளே வந்துவிட்டது. ஆட்கள்தான் வரவில்லை. எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை பண் என்பது சாப்பாடு இல்லை, மருந்து. காய்ச்சல் வந்தால் பண், ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருந்தால் பண், பல்லுப் பிடுங்கினால் பாலில்லாத பிளேன்டீயில் நனைத்த பண். நல்ல உடம்போடு இருக்கிறவன் காசு கொடுத்துப் பண் சாப்பிட்டால் வீட்டில் பயந்துவிடுவார்கள்.

ஒருநாள் ஒரு அம்மா பதினாலு படியும் மூச்சு வாங்க ஏறி வந்தார். (எங்கள் கடை மேல்மாடி. கீழே ஒரு புடவைக் கடை.) ஆறு பண் கேட்டார். எனக்கு வந்த சந்தோசத்தில் ஆறு இறைச்சித் தட்டையையும் ஒரே நேரத்தில் அடுப்பில் போட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தட்டையெல்லாம் வேணாம், வெறும் பண்ணு மட்டும் குடுங்க" என்றார். இல்லை அம்மா, இது இரண்டும் சேர்ந்ததுதான், பிரித்து விற்க மாட்டோம் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"வயித்தால போற புள்ளைக்கு மாட்டுக்கறி குடுக்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு தகப்பனா?"

கைப்பக்குவம்

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த ஒரு மாஸ்டர், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். விரும்பி வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். ஒரு கடி கடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு கடி. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, சரி, ஒருத்தருக்காவது ருசி தெரிந்துவிட்டது என்று.

"தம்பி, உதுக்குள்ள கிழங்கு போடேல்லையோ?" என்றார். இல்லை சேர். "பாண்தூள்?" ரொட்டித் தூளும் இல்லை சேர். "பருப்பு, கிருப்பு?" ஒன்றும் இல்லை சேர், சுத்த இறைச்சி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தப்பாகக் கணக்குப் போட்ட பையனைப் பார்க்கிற மாதிரியே என்னைப் பார்த்தார்.

"வெறும் இறைச்சியை வைச்சு ஆரும் சமைப்பினம். இல்லாத இறைச்சியை இருக்கெண்டு காட்டுறதெல்லோ கைப்பக்குவம்!"

இரண்டு டீ

கடையில் என்னோடு வேலை பார்த்தவர் பாக்கியம் அக்கா. இருபது வருசம் கொழுந்து பறித்தவர், வாய் கொஞ்சம் நீளம். மாட்டுக்கறி தொடமாட்டார். சாமி கும்பிடுகிற கை என்று சொல்லி, எல்லாவற்றையும் இடுக்கியால்தான் எடுப்பார். சாப்பாட்டுத் தட்டைக்கூட இடுக்கியால் பிடித்துக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காதான் ஒரு விஷயம் கண்டுபிடித்தார். கோயில் குளம் என்று திரிகிறவர்களில் எத்தனையோ பேருக்கு ஆசை இருக்கிறது, கடை ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருப்பதால்தான் வருவதில்லை. உடனே வீட்டிலிருந்து ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து மூலை மேசைக்குத் திரை கட்டினார். அன்றே ஒரு தோட்டத்துக் கோயில் தலைவர் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்தார். ஐந்து நிமிசம் கழித்து, அதே கோயில் செயலாளர் முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டு வந்து, மடமடவென்று அதே திரைக்குள் போனார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

திரைக்குள்ளிருந்து தலைவர் குரல்: "என்னாங்க செயலாளரே, டீ குடிக்க வந்தீங்களா?" செயலாளர்: "ஆமாங்க தலைவரே, நீங்களும் டீதானுங்களே?" பாக்கியம் அக்கா இடுக்கியைத் தூக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து கூப்பிட்டார்.

"ரெண்டு டீயும் நல்லா வெந்துருச்சுங்க, கொண்டாரவா?"

கும்பிடு போட்டுப் போனவர்கள்

திரைக்குள் நாலு பேர் வந்தால் கடை ஓடுமா? ஓடாது. இரண்டு மாசம் இப்படியே போனது. ஜன்னலுக்கு வெளியே மட்டும் தினமும் திருவிழாக் கூட்டம். ரயிலில் வந்து இறங்குவதும், மலைக்குப் போகிற மஸ்கெலியா பஸ்ஸில் ஏற அடிபடுவதும், அம்மம்மா! ஆனால் மலைக்குப் போகிறவர்கள் கறி மச்சம் தொடுவார்களா? எங்கள் போர்டைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கம் மாறிவிடுவார்கள். இறைச்சி சுடுகிற வாசம் கீழே போனால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். டெரன்ஸ் முதலாளி போன் எடுத்து, "வர்ற திங்கக்கெழம வேனோட வாறேன். சாமான ஏத்திருவோம்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் பிள்ளை அப்போதுதான் என்னை "அப்பா" என்று கூப்பிடப் பழகியிருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, அடுப்பில் முதல் இறைச்சியைப் போட்டுவிட்டு, கீழே வந்து படிக்கட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். கொழும்பு வழக்கப்படி எங்கள் கடை நாலு மணிக்குத்தான் திறக்கும். மலைக்குப் போகிற ஒரு கூட்டம் வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. அதில் ஒரு பொடியன் மட்டும் பின்தங்கி நின்றான். அக்கம்பக்கம் பார்த்தான். மூக்கிலிருந்து கையை எடுத்தான், ஆழமாக ஒரு மூச்சு இழுத்தான்.

"அண்ணே, நாங்க மலை எறங்கி நாளைக்குக் காலையில பத்து மணிக்கெல்லாம் இங்க வந்துருவோம். வெரதம் முடிஞ்சிரும். அந்த நேரத்துல ஏன்ணே கடைய மூடி வச்சிருக்கீங்க?"

பதினாலு படி

அட மடையா, என்று என்னையே நான் திட்டிக்கொண்டேன். இரண்டு மாசமாக, போகிறவர்களுக்குக் கடை திறந்து வைத்து, வருகிறவர்களுக்குப் பூட்டி வைத்திருக்கிறோம்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே திறந்தேன். பத்தரைக்கு முதல் பஸ் வந்தது. ஒரு கிழமை மரக்கறியில் கிடந்த கூட்டம், இரவெல்லாம் ஏறி இறங்கின பசி. மாட்டுக்கறியே தொடாதவர்கள் விலகிப் போனார்கள், மிச்சம் நின்றதே எனக்கு ஏராளம். எல்லோரும் எங்கள் படிக்கட்டைப் பார்த்தார்கள். ஆனால் ஒருத்தரும் ஏறவில்லை. ஒருத்தர் முதல் படியில் காலை வைத்து, "ஐயோ அம்மா!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆயிரக்கணக்கான படி ஏறி இறங்கின சனத்துக்கு எங்கள் பதினாலு படி ஏற முழங்கால் இல்லை! கீழே இருந்து என்னை அண்ணாந்து பார்க்கிறார்கள், நான் மேலே இருந்து அவர்களைப் பார்க்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு பக்கமும் கண்ணீர்தான்.

பர்கர் அடுக்கின தட்டைத் தூக்கிக்கொண்டு நான் இரண்டு தரம் ஏறி இறங்கினேன், மூன்றாம் தரம் என் முழங்காலும் போய்விட்டது. அன்றைக்கு அப்படியே கோட்டைவிட்டோம். திங்கட்கிழமை காலையில் பாக்கியம் அக்கா தன் பழைய கொழுந்துக் கூடையோடும் ஒரு கயிறோடும் வந்தார். மாட்டுக்கறிக்கா அக்கா உங்கள் கூடை என்றேன். "கூடைக்கு ஏதுடா வெரதம்?" என்றார். நான் சுட, அக்கா இடுக்கியால் கடதாசியில் சுற்றிக் கூடையில் போட்டு, ஜன்னலால் இறக்க ஆரம்பித்தார். கூடை ஆளைத் தொடுவதற்குள் காலியானது. தின்றவர்கள் புடவைக் கடை வாசலிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். குழம்பைக் கேட்க ஒருத்தருக்கும் தெம்பில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் டெரன்ஸ் முதலாளி வேனோடு வந்து சேர்ந்தார். சாமான் ஏற்ற வந்த மனுசன், படிக்கட்டை அடைத்துக்கொண்டு இருந்த கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார். உள்ளேயும் வர முடியவில்லை, வெளியேயும் போக முடியவில்லை. கடைசியில் கூடையைப் பிடித்து ஆட்டி, "ஏய், நான் முதலாளி! நான் முதலாளி!" என்று கத்தினார். அக்கா அவரை அதுவரை பார்த்ததே ஒரே ஒரு தரம்தான். ஜன்னலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"யாரா இருந்தா என்னா? காலு நல்லாருந்தா ஏறி வாங்க, காலு போயிருச்சுன்னா வரிசையில நில்லுங்க!"

வீட்டுக்குச் சொன்ன செய்தி

முதலாளி ஏறித்தான் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு வெங்காயம் அரிந்தார். இறைச்சி முடிந்து, கூட்டம் ரயில் ஏறின பிறகு, "வேன நான் வெறுமனே ஓட்டிட்டுப் போறேன். நீ இங்கேயே இரு" என்றார். அக்கா கையைப் பிடித்துக் குலுக்கப் போனேன், அவர் இடுக்கியை நீட்டினார். அதையே பிடித்துக் குலுக்கினேன்.

லயத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். ஸ்டெல்லா தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகக் குடத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் கொழும்பு இல்லை, எந்தக் காலத்திலும் இல்லை, நான் வீட்டோடுதான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் கண் கலங்கியது, எனக்குத் தெரியும், பார்த்தேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, குடத்தை என் கையில் கொடுத்தாள்.

"அப்ப நாலு வருசத்துத் தண்ணி பாக்கி இருக்கு, மொதல்ல அதத் தூக்குங்க."

ஆகவே சக தொழிலாளிகளே, பர்கர் வேலையில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: இறைச்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைத் தின்ன வருகிறவரிடம் முதலில் முழங்கால் சுகமா என்று விசாரிக்க வேண்டும்.