தீ இன்னொரு தீயைக் கூப்பிடாது

ஏழாம் வகுப்பு அறிவியல் தேர்வில் ஒரு கேள்விக்கு எனக்கு விழுந்த பூஜ்யத்தை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. உயிருள்ளவற்றுக்கே உரிய பண்பு ஒன்றை விளக்கச் சொல்லியிருந்தார்கள். வளரும், சுவாசிக்கும், இனப்பெருக்கம் செய்யும் என்று புத்தகத்தில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதில் கடைசியாக இருந்த இனப்பெருக்கத்தை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். நான் கண்ணால் பார்த்ததை எழுதினேன்.

மாரண்டஹள்ளிப் பக்கம் எங்களுக்கு மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழுக் கொட்டகையும் இருந்தன. கறை பட்டதென்று அம்மா கழித்துப்போட்ட கூடுகளில் சிலவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன். சில நாட்களில் பூச்சிகள் வெளியே வந்தன. வயிறு பருத்த பெண் பூச்சியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடினால் ஆண் பூச்சிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்ததுதான் தாமதம், சிறகடித்துக்கொண்டு அதை நோக்கி நடந்தன. மெல்லிய துணிக்குள் ஒளித்து வைத்தாலும் தேடி வந்தன. பறக்கவும் தெரியாத, வாயும் இல்லாத அந்தப் பூச்சி எப்படியோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

விடைத்தாளில் எழுதினேன்: ‘உயிருள்ளது தன் இனத்துக்குச் சேதி சொல்லும். பெண் பட்டுப்பூச்சி வாசனையால் ஆணைக் கூப்பிடுகிறது. கூப்பிடத் தெரிந்தவற்றின் பிள்ளைகளே மிஞ்சுகின்றன. தீயும் வளர்கிறது, பரவுகிறது. ஆனால் தீ இன்னொரு தீயைக் கூப்பிடாது.’

வாத்தியார் இரண்டாவது வரியை மட்டும் வகுப்புக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள்.

“பொம்பளப்புள்ள எழுதுற எழுத்தா இது? நாளைக்கு உங்கப்பாவக் கூட்டிக்கிட்டு வா.”

இனப்பெருக்கம் என்று எழுதியவள் நல்ல பெண். கூப்பிடுகிறது என்று எழுதிய நான் கெட்டவள்.

அப்பாவிடம் சொல்லாமல் அம்மாவே வந்தாள். வாத்தியாரைவிட அவளுக்குப் பூச்சிகளைப் பற்றி அதிகம் தெரியும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று நிமிர்ந்து நின்றேன்.

“தெரியாம எழுதிடுச்சிங்க சார். இனிமே எழுதாதுங்க. அவரு காதுக்கு மட்டும் போக வேணாங்க.”

“தெரிஞ்சுதான் எழுதுனேன்” என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். வாத்தியார் பெருந்தன்மையோடு எங்களை மன்னித்து அனுப்பினார்.

வழியில் கேட்டேன். “நான் எழுதுனது தப்பாம்மா?”

“தப்பில்ல.”

“அப்ப அத ஏன் அங்க சொல்லல?”

“வாய மூடிக்கிட்டு நட.”

வாத்தியார் மேல் இருந்ததைவிட அவள் மேல் எனக்குக் கோபம் அதிகமாக இருந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அதற்கு முந்தைய வருடம்தான் அக்கா பத்தாவதைப் பாதியில் விட்டிருந்தாள். அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் எனக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் நம்பினேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு பையனோடு அவள் பேசிக்கொண்டிருந்தாள் என்று யாரோ அப்பாவிடம் சொன்னதும், மறுநாளே அவளுடைய பள்ளிக்கூடம் நின்றதும், அம்மா எவ்வளவோ மன்றாடியும் எடுபடாததும் வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரிந்தன. அன்று வாத்தியாருக்கு முன்னால் தலைகுனிந்து நின்று அம்மா காப்பாற்றியது என் படிப்பை என்பதும் அப்போதுதான் புரிந்தது.