பொங்கும்வரை காத்திருந்தேன்

1974 ஜனவரி. மாண்ட்ரியலில் கணக்கு டீச்சராக இருந்த நான், இரண்டு வருஷம் தொண்டு ஆசிரியையாக வேலை செய்ய பசிபிக் கடலில் ஒரு தீவுக்குப் போயிருந்தேன். மாண்ட்ரியலில் எனக்கு வாசம் பியர்ஃபான்ட்ஸ் பகுதியில், அண்ணன் வீட்டில். நான் கிளம்புகிறேன் என்றதும் அண்ணி, "இங்க குளிர்ல விறைக்கறது போதாதுன்னு அங்க போய் கடல்ல விழணுமா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

கூட வந்தவள் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண், மாண்ட்ரியலிலேயே லாசால் பக்கம் வீடு. என்னைப் போலவே இருபத்தாறு வயது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் படமும் சொல்லிக்கொடுப்பாள். இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. மெரினாவில் கணுக்கால் நனைத்ததுதான் என் கடல் அனுபவமே.

முந்தின டிசம்பர் கடைசியில் பள்ளிக்கு நீண்ட விடுமுறை. என் மாணவி ஒருத்தியின் அம்மா எங்களைத் தன் ஊருக்கு அழைத்தார். அது படகில் அரை நாள் தூரத்தில் இருந்த இன்னொரு தீவு. மொத்தமே பன்னிரண்டு வீடு. பதினைந்து நாள் தேங்காயும் மீனுமாக ஓடியது. மீன் தொடாத எனக்குத் தேங்காயே கதி. திரும்பும் நாளும் வந்தது. மதியம் படகு. அன்றைக்குப் பார்த்துப் பொங்கல்.

சூரியன் கடலிலிருந்து எழும்போது பொங்கல் வைக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கிழக்குப் பார்த்த கரை பக்கத்திலிருந்த ஆளில்லாத திட்டில்தான் இருந்தது. நடுவில் ஒரு ஃபர்லாங் பவளப்பாறை. கடல் வடிந்திருக்கும்போது முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். அந்த அம்மா முதல் நாளே எங்களை அங்கே கூட்டிப்போய், கரை மணலில் ஒரு குச்சியை நட்டுக் காட்டினார். தண்ணீர் இந்தக் குச்சியைத் தொட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்து வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். சரி சரி என்று தலையாட்டினேன்.

விடிவதற்குள் திட்டுக்குப் போய்விட்டோம். நான் பருத்திப் புடவை கட்டி, பொட்டு வைத்து, அலுமினியப் பானையில் அரிசி, தேங்காய்ப் பால், பழுப்புச் சர்க்கரை எல்லாம் போட்டேன். இரவு பெய்த மழையில் விறகு ஊறிப்போயிருந்தது. தேங்காய் மட்டை புகைந்ததே தவிர எரியவில்லை. ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். சூரியன் மேலே ஏறிவிட்டது, பானை அசையவில்லை.

தோழி கரைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "தண்ணி குச்சியைத் தொட்டாச்சு. கிளம்பலாம்."

"அஞ்சே நிமிஷம். பொங்கற சமயத்துல இறக்கக் கூடாது" என்றேன். பொங்காமல் பானையை இறக்கினால் வருஷம் முழுக்க ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். ஊரை விட்டு எட்டு வருஷம் ஆகியும் அந்தப் பயம் மட்டும் என்னை விடவில்லை. இதைப் பிரெஞ்சுக்காரிக்கு எப்படி விளக்குவது? அவளும் கேட்கவில்லை. என்னோடு உட்கார்ந்து ஊதினாள். அந்த ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது.

பொங்கியது! நான் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, அவளும் கத்தினாள். திரும்பிப் பார்த்தால் குச்சியைக் காணோம்.

அங்கேயே உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் தண்ணீர் தானாக வடிந்திருக்கும். ஆனால் மதியப் படகை விட்டால் இரண்டு வாரம் ஆகும், பள்ளி திறந்துவிடும். "இடுப்பளவுதான் இருக்கும், வா" என்று இழுத்ததும் நான்தான். துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன், மகாராணி மாதிரி.

பாதி வழியில் தண்ணீர் மார்புக்கு வந்தது. ஆழம்கூடப் பயமாக இல்லை, இழுப்புதான் பயமாக இருந்தது. ஆள் இருப்பதையே கண்டுகொள்ளாமல் கடல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கினால் மறு கால் நகர்கிறது. புடவை இரண்டு காலையும் கட்டிப்போட்டது. பானை எப்போது போனது என்றே தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி, இன்னோர் அடி. முருகா முருகா என்று வாய்விட்டே அழுதேன்.

தோழியின் கால் ஒரு குழியில் இறங்கியது. சரிந்தவள் சட்டென்று என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். என் தலை தண்ணீருக்குள் போய்விட்டது. மூக்கில், வாயில், காதில் எல்லாம் உப்பு. அப்போது நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். முழங்கையால் அவள் நெஞ்சில் இடித்தேன். கழுத்திலிருந்த விரல்களைப் பிய்த்தேன். காலால் உதைத்துத் தள்ளினேன். என் தலை மேலே வந்தது. அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி இழுப்போடு போவது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குக் கிடைத்த பாறையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. யார் அந்தப் பக்கம் போனாலும், அவர்கள் திரும்பும்வரை இந்தப் பக்கம் ஒருவர் கரையில் உட்கார்ந்திருப்பார். எங்களுக்காக அந்த அம்மா விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் ஏறிய பிறகும் புகை அடங்காததைப் பார்த்ததும் ஓடத்தைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலில் அவளைத் தூக்கினார், பிறகு என்னை. தோழியின் கால் இரண்டையும் பவளப்பாறை கிழித்திருந்தது. ஓடத்தில் கிடந்து ரொம்ப நேரம் வாந்தி எடுத்தாள். எனக்கு அவள் பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தோடு, அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. இந்தப் பயம் தண்ணீரில் வந்த உயிர்ப்பயத்தைவிட அசிங்கமாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் இல்லை, அடுத்து வந்த மாதங்களிலும் இல்லை.

அடுத்த குளிர்காலம் மாண்ட்ரியல் திரும்பினோம். அண்ணன் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கடலில் விழுந்து பிழைத்ததை மட்டும் கடிதத்தில் எழுதியிருந்தேன். அண்ணி விடுவாளா? சாம்பாரைப் பரிமாறிக்கொண்டே, "ஐயையோ, தண்ணில என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள். நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். தோழி தண்ணீரைக் குடித்துவிட்டு, பெரிய அலை ஒன்று வந்து எங்களைப் பிரித்துவிட்டது என்றாள். "பாவம், இவ என்னைப் பிடிக்கத்தான் பார்த்தா" என்றும் சேர்த்துக்கொண்டாள். அண்ணன் பெருமையாக என் முதுகில் தட்டினார்.

பஸ் ஸ்டாப்வரை கூடப் போனேன். முழங்கால் பனி. பஸ் வருகிற வழியாக இல்லை.

"அலை இல்ல. நான்தான் உன்னைத் தள்ளினேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தெரியும். நான் உன் கழுத்தைப் பிடிச்சேன், உனக்கு மூச்சு வேண்டாமா?"

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"அவங்க உன் வீட்டு மனுஷங்க" என்றாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

இன்றும் யாராவது என்னைத் தைரியசாலி என்றால் கூச்சமாக இருக்கிறது. உயிர்ப்பயம் வந்தால் நான் எப்படிப்பட்டவள் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், எனக்கும் அவளுக்கும். அவள் அதைத் தெரிந்துகொண்டே இத்தனை வருஷமும் என்னைத் தன் தோழி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.