தோமசின் அந்தியேட்டி

“நான் ஒரு புத்தகத்தை வாசிச்சனெண்டால், அதுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை உலகத்திலை வேறை ஒருத்தரும் வாசிக்கத் தேவையில்லை.”

கோபிசங்கர் மாஸ்டர் இதைச் சொன்னது போன வருடம், நீர்வேலியில், ஒரு வாசிகசாலையின் திறப்புவிழாவில். நாடாவை வெட்டிய கத்தரிக்கோல் அப்போதும் அவருடைய கையில் இருந்தது. திறந்துவைத்த வாசிகசாலையை அதே மூச்சில் இழுத்து மூடவும் செய்த பெருமை குடாநாட்டில் வேறு எவருக்கும் கிடைத்திருக்காது. முன்வரிசையில் இருந்த வாழைத்தோட்டக்காரர் முருகேசு எல்லோருக்கும் முதல் கைதட்டினார். மகளுக்குப் புத்தகம் தேடிக் கடை கடையாக அலையத் தேவையில்லை என்று அவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

மாஸ்டருக்கு நாற்பத்தேழு வயது. உடுவிலில், தகரக் கொட்டகை ஒன்றில், சாதாரண தரச் சோதனை எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறார். கொழும்பில் ஒரு கப்பல் கந்தோரில் மூன்று வருடம் ரெலிபோன் எடுத்தவர். அங்கே காதில் விழுந்த ஆங்கிலத்தை ஒரு சொல்லும் சிந்தாமல் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மருதனார்மடம் சந்தியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அவருடைய பதாகையை மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கியும் அந்தப் புன்னகை மட்டும் அழியவில்லை.

அவருடைய படிப்பித்தல் முறை எளிமையானது. அவர் சொல்லுவார், பிள்ளைகள் எழுதுவார்கள், பாடமாக்குவார்கள், சோதனை மண்டபத்தில் அப்படியே கொட்டிவிட்டு வருவார்கள். “கேள்வி எப்பிடி வந்தாலும் விடை இதுதான்” என்பார். புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுவரும் பிள்ளையை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. புத்தகம் வைத்திருக்கும் பிள்ளை கேள்வி கேட்கும். கேள்வி கேட்டால் நோட்ஸ் பிந்தும்.

இந்த வருடப் பாடப்புத்தகம் ஒரு சின்ன ஆங்கில நாவல். எட்வின் என்ற கிழவர் மணிக்கூடு திருத்துகிறவர். கடலுக்குப் போன மகன் தோமசுக்காக அவர் காத்திருப்பதுதான் கதை. மாஸ்டர் அதை நேர்மையாகப் போட்டோக்கொப்பி எடுத்தார். முதல் அதிகாரத்தையும் கடைசி அதிகாரத்தையும் வாசித்தால் நடுவில் இருப்பது தானாக விளங்கும் என்பது அவருடைய கொள்கை. ஆனால் கொப்பிக்கடைப் பெடியன் கடைசித் தாளை எடுக்க மறந்துபோனான். நூற்றிப் பதினேழாம் பக்கத்தில் கிழவர் கடிதம் ஒன்றைப் பிரிக்கிறார். “அதில் எழுதியிருந்தது” என்பதோடு கதை நின்றது. முற்றுப்புள்ளிகூட இல்லை.

வேறு ஒருவர் என்றால் கடைக்குத் திரும்பிப் போயிருப்பார். மாஸ்டர் முற்றுப்புள்ளி இல்லாததை ‘நவீன உத்தி’ என்று நோட்ஸில் எழுதினார். பிறகு, வெள்ளைக்கார எழுத்தாளன் கடைசியில் ஆரையாவது கொல்லாமல் விடமாட்டான், சாவு இருந்தால்தான் புள்ளியும் விழும் என்று தீர்மானித்து, தோமசைக் கொன்றார். கொன்றவனை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. மழையில் ஒரு செத்தவீடு வைத்தார். மூன்று பிடி மண் போடுவித்தார். கிழவரைக் கொண்டு கடையிலிருந்த மணிக்கூடு முழுவதையும் நிறுத்துவித்தார். முப்பத்தோராம் நாள் உறவினரைக் கூப்பிட்டு மத்தியானச் சாப்பாடும் கொடுப்பித்தார். ஆங்கிலக் கிராமம் ஒன்றில் சைவ முறைப்படி நடந்த முதலாவது அந்தியேட்டி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சோதனை நாள் திங்கட்கிழமை. சோதனை முடியும் நேரம் மண்டபத்து வாசலில் போய் நிற்பது மாஸ்டரின் வருடாந்தத் திருவிழா. பிள்ளைகள் வந்து சூழ்ந்து விடைகளை ஒப்பிடுவார்கள். அவர் சிவப்புப் பேனையால் வினாத்தாளில் சரி போடுவார். படம் எடுத்து முகநூலில் ஏற்றுவார். சனிக்கிழமை புதிய வகுப்பு தொடங்குகிறது. நாற்பது பெற்றோர் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்த நாற்பது பேரும் வருவதும் வராததும் இந்த வாசலில்தான் இருக்கிறது. “எமது எதிர்பார்ப்பு வினா மீண்டும் வந்தது” என்று அவர் காலையிலேயே ரைப் பண்ணி வைத்துவிட்டார்.

முதலில் ஓடிவந்தவள் வகுப்பின் முதல் பிள்ளை கஜந்தினி.

“சேர், கடைசி அதிகாரத்திலை எட்வினின்ரை மனநிலை. அப்பிடியே வந்திருக்கு.”

“எத்தினை பக்கம் எழுதினனீர்?”

“மூண்டரை. மழை, மண், நிண்டுபோன மணிக்கூடு, முப்பத்தோராம் நாள், ஒண்டும் விடேல்லை.”

“வாகீசன்?”

“நானும் அதுதான் சேர். மரக்கறியும் போட்டிட்டன்.”

“என்ன மரக்கறி?”

“சாப்பாடு மரக்கறிச் சாப்பாடு எண்டு போட்டன். சொந்தமா ஒரு வரி எழுதினால் புள்ளி கூட வரும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

மாஸ்டர் அதற்கும் ஒரு சரி போட்டார். இருபத்துமூன்று பிள்ளைகள் ஒப்பிட்டார்கள். ஒப்பிடுவதற்கு வித்தியாசம் என்று ஏதாவது வேண்டுமே, அது அகப்படவில்லை. தான் ‘குடை’ என்று எழுதியதும் வாகீசன் ‘கறுத்தக் குடை’ என்று எழுதியதும் தெரிந்தபோது மட்டும் கஜந்தினியின் முகம் கொஞ்சம் வாடியது.

குருநகரிலிருந்து பஸ் ஏறி வந்து கடைசி வாங்கிலில் இருந்து படித்த யசிந்தா மதிலோரம் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். கணக்கு இருபத்துநாலாகட்டும் என்று மாஸ்டர் கூப்பிட்டார்.

“நீ என்ன எழுதினனீ?”

“கோட்டைப் பற்றி எழுதினன் சேர்.”

“என்ன கோட்டு?”

“தோமசின்ரை கோட்டு. கடிதத்திலை கேட்டவனெல்லே.”

“செத்தவன் எப்பிடிப் பிள்ளை கோட்டுக் கேக்கிறது?” மாஸ்டர் சிரித்தார். இருபத்துமூன்று பேரும் சிரித்தார்கள். அதுவும் நோட்ஸில் இருந்ததுபோலச் சேர்ந்து சிரித்தார்கள்.

“அவன் சாகேல்லை சேர்.”

“உனக்கு ஆர் சொன்னது?”

“புத்தகத்திலை கிடக்கு.”

அவள் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். மாதா கோயில் நூலகத்தில் சிஸ்டரிடம் இரவல் வாங்கியது. நூற்றிப் பதினேழாம் பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்தாள். எல்லோருக்கும் பாடமான வரி. “அதில் எழுதியிருந்தது.” தாளைத் திருப்பினாள். நவீன உத்தி அடுத்த பக்கத்தில் தொடர்ந்தது. துறைமுகம் ஒன்றில் தோமஸ் சுகமாக இருக்கிறான்; குளிர் தாங்கவில்லை; தன்னுடைய பழைய கம்பளிக் கோட்டை அனுப்பச் சொல்லித் தகப்பனுக்கு எழுதியிருக்கிறான்.

இருபத்துமூன்று தலைகள் அந்தப் பக்கத்தின் மேல் குனிந்தன.

“அப்ப சேர்,” என்றான் வாகீசன், “உயிரோடை இருக்கிறவனுக்கு நாங்கள் இருபத்திமூண்டு பேர் அந்தியேட்டி செய்துபோட்டம்.”

“அவை எங்களை மாதிரி வேதக்காரர் வேறை,” என்றாள் யசிந்தா.

“உது வேறை பதிப்பு,” என்றார் மாஸ்டர்.

“எந்தப் பதிப்பு சேர்?”

“லண்டன் பதிப்பு. அதிலை சாகமாட்டான். எங்களுக்குரியதிலை செத்திட்டான்.”

யசிந்தா புத்தகத்தை மூடி முன்னட்டையைக் காட்டினாள். நோட்ஸின் அட்டையில் மாஸ்டர் அச்சடித்த அதே மணிக்கூட்டுப் படம். கஜந்தினி அழத் தொடங்கினாள். “சேர், எனக்கு ‘ஏ’ வராதே?” என்று கேட்டாள். மாஸ்டர் சிவப்புப் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“உதை ஒருத்தரும் வெளியிலை கதைக்கிறேல்லை, விளங்கிச்சோ,” என்றார். அதற்குள் வாகீசன் வகுப்பின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான்: தோமஸ் உயிருடன் உள்ளார்.

மாஸ்டர் யசிந்தாவிடம் கையை நீட்டினார். “கொண்டா, பதிப்பைச் சரிபாக்க வேணும்.”

“வியாழக்கிழமை சிஸ்டரிட்டைக் குடுக்க வேணும் சேர்.”

அன்று பின்னேரம் வெறும் கொட்டகையில் இருந்து அவர் கடைசி இரண்டு பக்கத்தையும் வாசித்தார். அத்தோடு விடயம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தார். ஆனால் கிழவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மார்த்தா என்ற ஒருத்தியின் வீட்டுக்கு நடந்து போகிறார். கோட்டு அவளிடம் இருக்கிறதாம். ஆர் இந்த மார்த்தா? நோட்ஸில் அப்படி ஒருத்தி இல்லை. தேடியதில் மூன்றாம் அதிகாரத்தில் அகப்பட்டாள். அவளுடைய மகனுக்குக் குளிர் என்று கிழவர் அந்தக் கோட்டை எப்போதோ கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தார் என்று அறிய இரண்டாம் அதிகாரத்துக்குப் போக வேண்டியிருந்தது. பதினாறு வருடம் இலக்கியம் படிப்பித்த மனிதர், இப்படிப் பின்னால் பின்னால் தள்ளப்பட்டு, செவ்வாய்க்கிழமை முதலாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். வரிக்கு வரி விரல் வைத்து, உதடு அசைய வாசித்தார். இலகுவில் முன்னேறவில்லை.

வியாழக்கிழமை யசிந்தாவுக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளை, சிஸ்டரிட்டை இன்னும் ரெண்டு நாள் கேட்டுப் பாரும்.”

“ஏன் சேர், பதிப்பு இன்னும் பிடிபடேல்லையோ?”

“எழுபத்தோராம் பக்கத்திலை நிக்கிறன்,” என்றார். இவ்வளவு உண்மையான ஒரு வசனம் அவர் வாயிலிருந்து வந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை நாற்பது பெற்றோருக்குப் போட்ட கதிரைகளில் பதினொன்று நிறைந்தது. தோமசின் செய்தி வல்வெட்டித்துறை வரை போய்விட்டதாகக் கேள்வி. வாட்ஸ்அப் இல்லாத முருகேசு மகளோடு முதல் கதிரையில் இருந்தார். வழமையில் மாஸ்டர் தன்னுடைய பிரசித்தமான வாசகத்தோடுதான் வகுப்பைத் தொடங்குவார். அன்றைக்கு வாங்கில்களை நேராக்கினார், கரும்பலகையைத் துடைத்தார், துடைத்த பலகையைத் திரும்பவும் துடைத்தார்.

முருகேசுவுக்குப் பொறுக்கவில்லை. “சேர், நீங்கள் வாசிச்சால் காணும், பிள்ளையள் புத்தகம் வாங்கத் தேவையில்லை எண்டு அண்டைக்கு எங்கடை ஊரிலை சொன்னனீங்கள். அது என்ரை மோளுக்கும் அப்பிடித்தானே?”

மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த இரவல் புத்தகத்துக்குள், நூற்றியிரண்டாம் பக்கத்தில், பஸ் ரிக்கற் ஒன்றை அடையாளமாக வைத்து மூடினார்.

“ஒண்டு வாங்கிக் குடுங்கோ,” என்றார் மெதுவாக. “கடைசித் தாள் இருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ.”