ஒரு குழியில் மட்டும் கூடுதல் மருந்து

2005 வாக்கில் டெக்சஸில், கேட்டி என்ற ஊரில் குடியேறினோம். இன்று வீடுகளாகிவிட்ட எங்கள் பின்பக்கம் அப்போது நெல் வயல். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் நூறு வருடப் பழைய துப்பாக்கி ஒன்று என்னிடம் இருந்தது. அதற்குரிய தோட்டா கடைகளில் கிடைக்காததால் கராஜில் நானே தயாரிப்பேன். வெடிமருந்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றி, எது குறி தப்பாமல் போகிறது என்று பார்ப்பதிலேயே சனிக்கிழமைகள் சுகமாகக் கழிந்தன.

அப்படி ஒரு காலை. குழிகள் போட்ட மரப்பலகையில் தோட்டாக்களின் காலிப் பித்தளைக் குப்பிகளை வரிசையாக நிறுத்தி மருந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். ஃபிரிஸ்கோவிலிருந்து நண்பர் பஷீரின் போன். அவர் வீட்டில் டிஷ் உண்டு. விக்கெட் விழுந்தால் உடனே எனக்குச் சொல்லியாக வேண்டும் அவருக்கு. பேசி முடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

காபி கொண்டுவந்த என் மனைவி மீனா பலகையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இந்தக் குழில மட்டும் டபுளா இருக்கு?"

பணியாரம் ஊற்றிப் பழகிய கண். தராசில் போட்டேன். சரியாக இரண்டு மடங்கு. சுட்டிருந்தால் அந்தப் பழைய இரும்பு என் முகத்துக்கு நேரே வெடித்திருக்கும்.

"நீ மட்டும் பாக்கலேன்னா..." என்றேன்.

"அதான் பாத்துட்டேனே. காபி ஆறுது."

இப்போதெல்லாம் நிரப்பியதும் ஒவ்வொரு குப்பிக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பாதியில் எழ நேர்ந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். போன் சமையலறையிலேயே இருக்கும். பஷீர் கூப்பிட்டால் மீனா எடுப்பாள்.

"அவர் கராஜ்ல இருக்காருண்ணா. ஆல் அவுட் ஆனப்புறம் கூப்பிடுங்க."