சலவைக்கல்லில் தேய்த்த புளி

தருமபுரியில் இன்ஜினியர் வீட்டுச் சமையலறை மேடைமேல் ஒரு வெள்ளைச் சலவைக்கல் பதித்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டால் தயிர் உறைந்த மாதிரி இருக்கும். எழுபதுகளின் தொடக்கம் அது. மற்ற வீடுகளில் சிமெண்டு மேடையே அதிசயம். இன்ஜினியரின் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தபோது பாதிச் சாமானை விட்டுவிட்டு, அந்தக் கல்லை வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தாராம். என்னைச் சமையல் வேலைக்கு வைத்த அன்று சமையலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கல்லைப் பற்றித்தான் சொன்னார். வெறும் தண்ணீர், பழைய வேட்டித் துணி, அவ்வளவுதான். சாம்பல் கூடாது, செங்கல் தூள் கூடாது. எலுமிச்சையோ தயிரோ சிந்தினால் கைவேலையைப் போட்டுவிட்டுத் துடைக்க வேண்டும்.

சரி என்றேன், மனசுக்குள் சிரித்தேன். என் அப்பா நல்லம்பள்ளிப் பக்கம் கல் உடைத்தவர். வெடி வைத்தாலும் அசையாத பாறையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, எலுமிச்சைக்குப் பயப்படும் கல் என்றால் சிரிப்பு வராதா?

அந்த வருஷம் இன்ஜினியரின் தாயார் வந்து தங்கியிருந்தார். நாங்கள் பெரியம்மா என்போம். கண் சரியாகத் தெரியாது. மாரண்டஹள்ளி வீட்டில் தனியாக விழுந்து எழுந்து கிடந்தவரை மகன்தான் அழைத்துவந்தார். மருமகளுக்கு அதில் அத்தனை சம்மதமில்லை.

ஒரு நாள் காலையில் அம்மா கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெரியம்மா எலுமிச்சை பிழிந்து குடித்துவிட்டு, சாறு வழிந்த டம்ளரைக் கல்மேல் வைத்துவிட்டார். நான் எடுத்தபோது டம்ளர் அடியளவு ஒரு வட்டம் மங்கிக் கிடந்தது. பெரியம்மாவுக்கு ஏச்சு விழக்கூடாதே என்று தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். போகவில்லை. குத்துவிளக்கு மங்கினால் என்ன செய்வோம்? புளியும் உப்பும்தானே. ஓர் உருண்டை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். ஈரத்தில் பளபளவென்று இருந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். காய்ந்த பிறகு பார்த்தால், வட்டம் சோற்றுத் தட்டளவு ஆகியிருந்தது. தடவினால் சொரசொரவென்று, புண் ஆறிய தோல் மாதிரி.

அம்மா வந்தவர் குடையைக்கூடக் கீழே வைக்கவில்லை. குனிந்து கல்லைப் பக்கவாட்டில் பார்த்தார்.

"எலுமிச்சம்பழம் யாரு புழிஞ்சது?"

"நாந்தான் கண்ணு. தல சுத்துச்சு. டம்ளர அங்க வெச்சிட்டேன்" என்றார் பெரியம்மா.

அம்மா சத்தம் போடவில்லை. "மூணு மணிக்கு மாரண்டஹள்ளி பஸ் இருக்குதுங்க அத்தை. உங்க வூட்ல உங்க இஷ்டப்படி இருந்துக்கங்க" என்றார்.

பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார். சேலைகளைத் தடவித் தடவி மடித்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். சொன்னால் வேலை போகும். அதைவிட, இவளுக்கு வேலை தெரியாது என்று ஆகிவிடும். என் கைவேலையை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு சேலை மடித்தாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவதில் முந்தானை எந்தப் பக்கம் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதையும் மடித்து வைத்தார்.

"நாந்தாங்கம்மா. புளி போட்டுத் தேச்சிட்டேன்" என்றேன்.

அம்மா நம்பவில்லை. "அவங்களுக்குப் பரிஞ்சிக்கிட்டு வராத."

எனக்குச் சுருக்கென்றது. வேலை தெரியாதவள் என்பதோடு பொய்க்காரி என்றும் பேர் வாங்க வேண்டுமா? புளியைக் கிள்ளியெடுத்து, ஸ்டவ்வுக்குப் பின்னால் கண்படாத மூலையில் தேய்த்துத் துடைத்தேன். "காயட்டும், பாருங்க" என்றேன். பெரியம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அது விலகிய இடமெல்லாம் கல்லின் ஒளியும் போயிருந்தது.

அம்மா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கூடத்துக்குப் போய், மடித்த சேலைகளைத் தானே தூக்கி பீரோவில் வைத்தார். "சோறு ஆறுதுங்க அத்தை, வாங்க" என்றார். என்னிடம், "இனிமே இந்தக் கல்ல நானே தொடச்சிக்கறேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அங்கே சமைத்தேன். கல் துடைக்கிற அந்த வேட்டித் துணியை ஒருநாளும் என் கையில் தரவில்லை.

இப்போது என் மகன் வீட்டில் கறுப்பு கிரானைட் மேடை. மருமகள் அதன்மேலேயே எலுமிச்சையை அறுக்கிறாள், ஒன்றும் ஆவதில்லை. பழைய கதையைச் சொன்னால், "வேலை போனாலும் போவுதுன்னு உண்மையச் சொன்னீங்களே அத்தை" என்று மெச்சுகிறாள். நானும் ஆமாம் என்று தலையாட்டிக்கொள்கிறேன். பெரியம்மா மூன்று சேலை மடித்து முடிக்கிற வரைக்கும் வாசலில் நின்றுகொண்டிருந்ததை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.