பூசணிக்காய்க்கு அடுத்தது துப்பாக்கி

என் அப்பாவிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் எதிரில் இருப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வார். அந்த அளவுக்கு அப்பா ஒன்றும் செய்துவிடவில்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கேஷியராக இருந்தார். வாரா வாரம் வேலூர் பேங்க்கிலிருந்து கூலிப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வருகிற வேலை. முதலாளி பயந்த சுபாவம். வழியில் யாராவது பறித்துவிட்டால் என்ன செய்வது என்று அப்பாவுக்கு லைசன்ஸுக்கு ஏற்பாடு செய்து, ஒரு செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலையும் வாங்கவைத்தார். பிறகு கூலியெல்லாம் நேராகத் தொழிலாளிகளின் பேங்க் கணக்குக்கே போக ஆரம்பித்தது. அப்பா ஓய்வு பெற்றார். துப்பாக்கி பீரோவில் அம்மாவின் புடவைகளுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

அது சுட்டு நான் பார்த்ததில்லை. ஊர் சுற்றித்தான் பார்த்திருக்கிறேன். தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். குழந்தையைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போவது போல அப்பா அதைத் துடைத்து, துணியில் சுற்றி எடுத்துப்போவார். ஓட்டு எண்ணி முடிந்ததும் போய்த் திரும்பக் கூட்டிவருவார். நாட்டின் ஜனநாயகத்துக்கு எங்கள் குடும்பம் செய்த தொண்டு இதுதான்.

அம்மா இறந்த பிறகு இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். காலையில் வந்த பேப்பர் சாயந்தரம் வரை பிரிக்காமல் கிடந்தது. அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவரும் அந்த பீரோவும்தான். வேலூரில் எங்களோடு வந்து இருக்கச் சொன்னால் மாட்டேன் என்றார். அவர் தன்னையே ஏதாவது செய்துகொண்டுவிடுவாரோ என்பதுதான் என் பயம். அதை வாய்விட்டுக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். லைசன்ஸ் புதுப்பிக்க எதற்கு இவ்வளவு அலைச்சல் என்றேன். பேரன் லீவுக்கு வந்தால் பீரோவைக் குடைவான் என்றேன். அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், துப்பாக்கியை அசைக்கவில்லை.

தினமும் சாயந்தரம் போன் செய்து, "சாப்டீங்களாப்பா?" என்பேன். அவர் ரசம் சாப்பிட்டாரா சாம்பார் சாப்பிட்டாரா என்பதில் எனக்கு ஒரு அக்கறையும் இல்லை. போனை எடுக்கிறாரா என்பதுதான் கேள்வி. "சாப்ட்டேம்மா" என்பார். பாதி நாள் அதுவும் பொய். இப்படி இரண்டு பேரும் மிக நாகரிகமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த நிலையில்தான் ஆம்பூரில் எங்கள் சர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. வயல் வைத்திருப்பவர்கள் தங்கள் விளைச்சலில் காணிக்கை கொண்டுவரும் பண்டிகை. வயலே இல்லாத முக்கால்வாசிப் பேர் மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயையும் கரும்பையும் தாங்களே விளைவித்த முகத்தோடு கொண்டுவந்து வைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். கடையில் யாரும் சீண்டாத தேங்காய் அன்றைக்கு யானை விலைக்குப் போகும். கர்த்தருக்குக் கொடுக்கிற சந்தோஷம் பாதி, பக்கத்து பெஞ்சுக்காரர் தோற்கிற சந்தோஷம் பாதி.

நானும் போயிருந்தேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிரவுன் தாள் சுற்றிய ஒரு பெட்டியைக் காணிக்கை மேஜையில் வைத்துவிட்டு வந்ததைப் பார்த்தேன். பிஸ்கட்டாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஏலம் விட்டவர் தோல் ஃபினிஷிங் பிரிவில் சூப்பர்வைசர். மைக் இல்லாமலே பேரணாம்பட்டு வரை கேட்கும் குரல், அதற்கு மைக்கும் கொடுத்திருந்தார்கள். பூசணிக்காய் போனதும் அந்தப் பெட்டியைத் தூக்கினார்.

"இது இன்னா சார்?"

"கன்னுப்பா," என்றார் அப்பா. "செமி ஆட்டோமேட்டிக். யூஸ் பண்ணது."

வேறு ஊர்ச் சபையாக இருந்தால் அந்த நிமிஷமே பெஞ்சுகள் காலியாகியிருக்கும். எங்கள் ஊரில் கன் என்றால் தோலுக்குச் சாயம் அடிக்கிற ஸ்பிரே கன். சூப்பர்வைசரின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஃபினிஷிங் யூனிட் வச்சிருக்கறவங்க கவனிங்க. செமி ஆட்டோமேட்டிக் கன். சார் கை ராசியான கை."

இரண்டு பேர் உடனே கேட்டார்கள். ஒருவர் வாணியம்பாடியில் புதிதாக யூனிட் போட்டவர். மற்றவர் போன வருஷ ஏலத்தில் அவரிடம் ஒரு சேவலைத் தோற்றவர். ஏலம் ஏறிக்கொண்டே போனது. நடுவில் சேவல்காரருக்குச் சந்தேகம் வந்தது.

"நாசில் ஓட்டைல அடைப்பு இல்லியே சார்?"

"அடைப்பெல்லாம் இல்ல. ஜாஸ்தி அடிச்சதே இல்ல," என்றார் அப்பா.

பாஸ்டர் இதையெல்லாம் ஆசீர்வதிப்பது போலப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் விஷயம் புரிந்தது. எங்கள் வீட்டில் ஸ்பிரே கன் கிடையாது. நான் எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் சூப்பர்வைசர் "ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டு, சரக்கைக் காட்டுவதற்காகத் தாளைக் கிழித்து மூடியைத் திறந்தார்.

"ஐயோ, இது சுடறது," என்றது மைக்.

முன் வரிசை பின் வரிசையானது. வேலூர் ஜெயிலில் வார்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் சபையில் இருந்தார். அவருடைய அனுபவத்தைக் கேட்க ஆளில்லாமல் பல வருஷங்கள் வீணாகியிருந்தன. அன்றைக்கு நிதானமாக நடந்து வந்து, எடுத்துப் பார்த்து, "உள்ள குண்டு இல்ல" என்று அறிவித்தார்.

"அது இங்க கீது," என்று அப்பா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "அதையும் சேத்துதான் காணிக்கை."

சபைக் கமிட்டி அங்கேயே கூடியது. கோயிலுக்குள் துப்பாக்கி வரலாமா என்று பேசியது கொஞ்ச நேரம்தான். ரெண்டு தரம் சொல்லியாகிவிட்டதால் ஏலம் செல்லுமா செல்லாதா என்பதைத்தான் ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் பாஸ்டர் எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார்.

"இன்னாப்பா இது? நேரா ஸ்டேஷன்லயே குடுத்திருக்கலாம் இல்ல?" என்றேன்.

"ரெண்டு வாட்டி வாசல் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். வேணாம்னு திருப்பிக் குடுத்தா காரணம் எழுதணும். இன்னான்னு எழுதறது? காணிக்கைக்கு யாரும் காரணம் கேக்க மாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார், பிறகு சட்டம் சொன்னார், பிறகு மறுபடியும் சிரித்தார். தேர்தலுக்குத் தேர்தல் பார்த்த முகம் என்பதால் கடுமையாகப் பேசவில்லை. பேனாவைத் திறந்து, "சரி, காரணம் இன்னான்னு போடட்டும்?" என்றார்.

"வீட்ல நான் தனியா இருக்கேன் சார்."

"தனியா இருக்கறவங்கதான் பாதுகாப்புக்கு வேணும்னு கேப்பாங்க."

"ஆமா சார். எனக்கு அதனாலதான் வேணாம்."

இன்ஸ்பெக்டர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு 'வயது முதிர்வு' என்று எழுதிக்கொண்டு, எங்களுக்கு டீ வரவழைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வாயில் வைக்கப் பயந்த வார்த்தையை அப்பா எத்தனை நாளாகத் தனியாக மென்றுகொண்டிருந்தாரோ தெரியவில்லை.

பாஸ்டர் மிச்ச ஏலத்துக்காக முன்னாலேயே திரும்பிப் போயிருந்தார். நாங்கள் வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். அப்பா வெறும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இனிமே சாயந்தரம் போன் பண்ண மாட்ட இல்ல?" என்றார்.

"பண்ணுவேன். சாப்டீங்களான்னு கேப்பேன். இனிமே நெஜமாவே அதுக்குத்தான்."

அப்பா பையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப நான் நெஜமாவே சமைக்கணும்," என்றார்.