முழுக்கை

எங்கள் கடையில் புதுத்துணி தைப்பதில்லை. பெரிதாக இருப்பதைப் பிடித்துக் கொடுப்போம், சிறிதாகிப் போனதைப் பிரித்து விடுவோம். ஊசியக்கா தைப்பாள், நான் தேய்ப்பேன். பதினொரு வருடமாக அவளுடைய மிஷினுக்கும் என் இஸ்திரி மேசைக்கும் நடுவே இரண்டடிதான் இடைவெளி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அளவைக் கேட்கலாம், காரணத்தைக் கேட்கக் கூடாது. இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்பவளிடம் "உடம்பு போட்டுடுச்சா?" என்று கேட்டால் அடுத்த முறை அவள் எதிர்க்கடைக்குப் போய்விடுவாள். நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்து முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் வாய் அப்படி. ஊசியக்கா யாரிடமும் எதையும் கேட்டதில்லை. வாயில் எப்போதும் நாலு குண்டூசி வைத்திருப்பவள் என்னத்தைக் கேட்பாள்?

அக்காவின் புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருடம். ஒரே மகள், கட்டிக்கொடுத்த வீடு பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். கடை விட்டு வீட்டுக்குப் போனால் சுவரோடுதான் பேச வேண்டும். அதனால் டிவியைப் போட்டுவிட்டு, மீந்த வேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் விடாமல் பார்த்தது ஒரு வெளிநாட்டுத் தொடர். அதில் பேசும் பாஷை அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கீழே தமிழில் எழுத்து ஓடும். ஆனால் கண்ணைத் துணியில் வைத்திருப்பவள் அதை எங்கே படிப்பாள்? காதை மட்டும் டிவிக்குக் கொடுத்திருந்தாள்.

"நம்ம சீரியல்ல எல்லாரும் கத்தறாங்க, தலை வலிக்குது. இதுல அந்தப் புருஷன் எவ்வளவு மெதுவா பேசறான் தெரியுமா? அந்தப் பொண்ணு அழுதான்னா அவன் குரல் இன்னும் தணிஞ்சு போகும். எங்க மாப்பிள்ளை மாதிரியே" என்று கடையில் என்னிடம் சொல்வாள்.

மாப்பிள்ளை மெதுவாகப் பேசுபவர் என்பது உண்மைதான். மகளுக்குப் போன் போட்டால் எடுப்பது அவர்தான். "அவ தூங்கறா அத்தை. எழுந்ததும் பேசச் சொல்றேன்." குரல் அப்படியே பஞ்சு. மகள் திரும்பப் பேச நாலு நாள் ஆகும், பேசினாலும் "நல்லா இருக்கேம்மா" என்பதோடு சரி. "இந்தக் காலத்துல பொண்டாட்டியத் தூங்க விடற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்?" என்று அக்கா பெருமைப்படுவாள். கேட்டு நானும் தலையாட்டியிருக்கிறேன்.

மகள் தன் சட்டைகளைக் கூரியரில் அனுப்புவாள். சீட்டில் இரண்டே வரி இருக்கும்: இடுப்பைப் பிடிக்கவும், கையை மணிக்கட்டு வரை நீட்டவும். அந்த வருடத்தில் மூன்று முறை வந்தது. அக்கா அதே நிறத்தில் துணி தேடி, ஒட்டுப் போட்டதே தெரியாமல் நீட்டினாள். நான் அந்த முழுக்கைகளை மடிப்பு விழாமல் தேய்த்துக் கொடுத்தேன். வெயில் கொளுத்தும் மாசத்தில் ஒரு பெண்ணுக்கு எதற்கு இத்தனை முழுக்கை என்று இரண்டு பேரில் ஒருத்தியாவது கேட்டிருக்க வேண்டாமா? ஊரில் உள்ளவளை எல்லாம் கேட்டு வம்பை வாங்கும் என் வாய், கேட்க வேண்டிய இடத்தில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொழுது போகாமல் அவள் வீட்டுக்குப் போனேன். எனக்கும் வீட்டில் யார் இருக்கிறார்கள்? டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து, மகளுடைய நீலச் சட்டைக்குக் கைப்பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். என் கையில் வேலை இல்லாததால் நான் படத்தைப் பார்த்தேன், எழுத்தையும் படித்தேன்.

டிவியில் அந்தப் பஞ்சுக்குரல்காரன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இவனையா நல்லவன்னு சொன்ன? இவன் என்ன சொல்றான்னு கேளு" என்று வரிவரியாகப் படித்தேன். "'நீ செத்தாக்கூட உன்னைத் தேடி யாரும் வர மாட்டாங்க.' தலையைக் கோதிக்கிட்டே சொல்றான் படுபாவி. 'கையை மூடிக்கோ. ஊர்ல நாலு பேர் பாக்கணுமா?' அவனே அவளுக்குச் சட்டைக்கைப் பட்டனைப் போட்டு விடறான். உள்ள எல்லாம் கன்னிப் போயிருக்கு அக்கா."

திரும்பினேன். ஊசி துணியில் பாதியில் நின்றிருந்தது. அவள் டிவியைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த சட்டைக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

"போன் போடு" என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

"அவ தூங்கறா அத்தை" என்றது அந்தக் குரல்.

"தூங்கட்டும் மாப்பிள்ளை. சட்டைக்கு அளவு சரியா வரல. நேர்ல வந்து எடுத்துக்கறேன்."

"அதுக்காகவா இவ்வளவு தூரம்? வேண்டாம் அத்தை."

அவள் போனை என்னிடம் நீட்டிவிட்டு, அளவு நாடாவை எடுத்துப் பையில் போட்டாள். கூட வருகிறேன் என்றேன். "நீ வந்தா சண்டை போடுவ. கடையைப் பாத்துக்கோ" என்றாள்.

மூன்று நாள் அவள் மிஷின் மூடிக் கிடந்தது. வந்தவர்களுக்கு நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லி அனுப்பினேன். ஒரு சட்டையைக் கருக்கியும் விட்டேன். நாலாம் நாள் கடையை முதலாளியின் தலையில் கட்டிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வேலை இல்லை. உள்ளே டிவி சத்தம் இல்லை.

"அவர் பக்கத்துலயேதான் நின்னார். கையை நீட்டும்மான்னு சொன்னேன். நீட்டல. நானே பட்டனைக் கழட்டினேன். நான் தெச்ச பட்டன்தானே" என்றாள்.

"இப்ப எங்க அவ?"

"தூங்கறா."

அந்தச் சொல்லை இனிமேல் என் காது நம்புமா? அக்காவைத் தாண்டி உள்ளே போய் அறைத் திரையை விலக்கினேன். அம்மாவின் பழைய அரைக்கைச் சட்டையில், இரண்டு கையையும் வெளியே போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து படியில் உட்கார்ந்தேன்.

"பாத்தியா?" என்றாள் ஊசியக்கா. "நானும் பத்து தடவை பாத்துட்டேன்."